பொதுமை என்பது யாருடைய வழக்கு?

பிறர் இல்லத்திற்கு விருந்தாகச் செல்லும் ஒருவன் வாயிலிலேயே அவ்வில்லத்தின் வழக்கத்தைக் கண்ணால் தேடுகின்றான். காலணிகள் வெளியே வரிசையாக இருப்பின் தன் காலணியையும் அங்கேயே விடுகின்றான். வலக்கையால் கொடுத்தலும் வாங்கலும் அங்கு மரபெனக் கண்டால் தானும் வலக்கையையே நீட்டுகின்றான். பல இனத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் நாடுகளில் இப்பண்பு சிறுவர்க்கும் இயல்பாக வந்துவிடுகின்றது. ஆயினும் சிலர், "எனக்கென்று தனி வழக்கம் ஏதும் இல்லை, நான் எல்லார்க்கும் பொதுவானவன்" என்பர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் அதனை அவ்வாறே ஏற்கலாமா? வழக்கம் எதுவுமற்ற மனிதன் ஒருவன் உலகில் இருத்தல் கூடுமா? அன்றித் தன் வழக்கத்தையே உலக வழக்கமெனக் கொண்டவன்தான் தன்னை வழக்கமற்றவன் என்று எண்ணிக்கொள்கின்றானா?

இவ்வினா பழையது. இதனை ஆராய இங்குத் தேர்ந்துள்ள களமோ புதியது. கணினிக்குரிய நிரல்மொழி ஒன்றனைப் பல்வகை இயந்திரங்களிலும் இயங்குமாறு தொகுத்தமைக்கும் பணியில் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. மனிதர் நடுவே மழுப்பிவிடத்தக்க அறவினா, இயந்திரத்தின்முன் மழுப்ப இயலாததாகிவிடுகின்றது. ஏனெனில் இயந்திரம் சொன்னதைச் செய்யும்; சொல்லாது விட்டதையும் ஏதேனும் ஒருவாறு செய்தே தீரும். அந்த 'ஏதேனும் ஒருவாறு' என்பது யாருடைய வழக்கு என்பதே நம் ஆராய்ச்சி.

இடவழக்கு என்பது யாது?

நிரல்மொழி வல்லார் 'லொக்கேல்' என வழங்குவதனை இக்கட்டுரையில் 'இடவழக்கு' எனக் குறிப்போம். ஒரு மொழியார் ஒரு நாட்டில் எழுத்திலும் எண்ணிலும் கைக்கொள்ளும் வழக்கங்களின் தொகுதியே அது. எவை எழுத்துகள், பெரிய எழுத்து ஒன்றற்கு இணையான சிறிய எழுத்து யாது என்பது அதன் ஓர் உறுப்பு. சொற்களை எவ்வரிசையில் அடுக்குவது என்பது மற்றோர் உறுப்பு. பின்னப் பகுதியைப் பிரிக்கும் குறி யாது, பேரெண்களை எவ்விடத்தில் பிரித்தெழுதுவது என்பது இன்னோர் உறுப்பு. நாணயக் குறி, நாளும் திங்களும் எழுதும் முறை, பயன்படுத்துவோர்க்குச் சொல்லும் செய்திகளின் மொழி ஆகியன எஞ்சிய உறுப்புகள்.

இவை சிறியன போலத் தோன்றும். ஆனால் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 1,25,000 என எழுதப்படுவதனை நாம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 125,000 என எழுதுகின்றோம். மூன்றரையை நாம் 3.5 எனக் குறிக்க, செருமானியர் 3,5 எனக் குறிப்பர். இவற்றுள் ஒன்றும் பிழையன்று; ஒவ்வொன்றும் அதனதன் ஊரில் செம்மையானதே. ஓர் ஊரின் வழக்கம் மற்றோர் ஊருக்குள் அறிவிப்பின்றி நுழையும்போதுதான் பிழை பிறக்கின்றது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் 1970களின் தொடக்கத்தில் 'சி' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 1989இல் அது அந்நாட்டின் தேசியத் தரமாக வகுக்கப்பட்டபோது இடவழக்கைப் பற்றிய விதிகளும் அதனுள் இடம்பெற்றன. அவ்விதிகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை போன்றது. வேறெதுவும் சொல்லப்படாதவிடத்து, ஒவ்வொரு நிரலும் 'சி' என்னும் பெயருடைய இடவழக்கிலேயே தொடங்கும். தான் இயங்கும் இயந்திரத்தின் உரிமையாளர் எவ்வழக்கை விரும்புகின்றார் என நிரல் அறிய வேண்டுமாயின், அதற்கெனத் தனி ஆணையிட்டுக் கேட்டல் வேண்டும். கேளாத நிரல் விருந்தினனாக வந்தும் தன் வீட்டு வழக்கத்திலேயே இருக்கும்.

'சி' என்னும் அவ்விடவழக்கிற்கு நாட்டின் பெயர் இல்லை. மொழியின் பெயரும் இல்லை. ஆகவே அது எந்நாட்டிற்கும் உரியதன்று, எல்லார்க்கும் பொதுவானது என்னும் தோற்றம் உண்டாயிற்று. அத்தோற்றம் மெய்தானா என்பதனைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன், நிரல்மொழியைத் தொகுப்போர் இடவழக்கைக் கேட்டறியும் முறையை அறிந்துகொள்ளல் நலம்.

கேட்டறியும் முறை

மொழியியல் பயின்ற லாரி வால் என்பார் 1987இல் வெளியிட்ட 'பெர்ல்' என்னும் நிரல்மொழியைச் சான்றாகக் கொள்வோம். அதனை இயக்கும் நிரலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. யூனிக்ஸ் வகை இயந்திரமொன்றில் அதனைத் தொகுக்கப் புகுவோர் முதலில் 'கன்ஃபிகர்' என்னும் நிரலை ஓடவிடுவர். அதன் தொழில் முழுவதும் வினவுதலே. இவ்வியந்திரத்தில் இடவழக்கை மாற்றும் ஆணை உண்டா? உண்டெனின் எவ்வெவ்வுறுப்புகள் உண்டு? ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் ஏனையவை அசையாது நிற்குமா? இவ்வாறு ஒவ்வொரு வினாவிற்கும் ஒரு சிறு சோதனை நிரலை எழுதி, அதனை அவ்வியந்திரத்திலேயே ஓட்டிப் பார்த்து, விளைந்த விடையைக் குறித்துக்கொள்கின்றது.

இத்துணை வினாக்கள் எதற்கு? ஒரே தரத்தைப் பின்பற்றும் இயந்திரங்கள் யாவும் ஒரே விடையைத் தாராவோ எனின், தருவதில்லை. "உன் இடவழக்கின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே சொல்" என ஓர் இயந்திரத்தைக் கேட்பதாகக் கொள்வோம். லினக்ஸ் இயந்திரங்களில் பெரிதும் வழங்கும் குனூ நூலகம், ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் சொல்லி, அதனை அடுத்து அதன் மதிப்பையும் சொல்லி, இடையிடையே அரைப்புள்ளி இட்டு விடை தரும். மேக் இயந்திரங்களும் ஃப்ரீ பி.எஸ்.டி. இயந்திரங்களும் உறுப்பின் பெயரைச் சொல்லா; மதிப்புகளை மட்டும் ஒரு வரிசையில் அடுக்கிச் சாய்கோட்டால் பிரிக்கும். மசில் என்னும் மற்றொரு நூலகமோ பெயரைச் சொல்லாது மதிப்புகளை அடுக்கும். ஆனால் பிரிப்பது அரைப்புள்ளியால். வினா ஒன்று, விடை மூன்று வகை. பெயரில்லா வரிசையில் இரண்டாம் இடத்தில் நிற்பது எண்ணின் வழக்கா, சொல்வரிசையின் வழக்கா என்பதனை அவ்வியந்திரத்தைக் கேட்டாலன்றி எவ்வாறு அறிவது? தன் ஊரில் இரண்டாம் இடம் இன்னதற்குரியது என்பதனால் எவ்வூரிலும் அஃது அவ்வாறே எனக் கொள்வோன், பிறர் கூறிய மெய்யையே பொய்யாகப் படித்துவிடுகின்றான்.

ஆகவே கேட்டல் என்பது வாயால் வினவுவதோடு முடிவதன்று. விடை எம்முறையில் சொல்லப்படுகின்றது என்பதனையும் கேட்டறிதல் வேண்டும். வெவ்வேறு பண்பாட்டார் உரையாடும்போது நேரும் பிணக்குகளுள் பல, கேளாமையால் விளைந்தன அல்ல. கேட்டுப் பெற்ற விடையைத் தம் முறைப்படி படித்தமையால் விளைந்தனவே.

பணிவும் ஒரு பிழையாகும் இடம்

இதுகாறும் கூறியவற்றால், எங்கும் வீட்டாரின் வழக்கத்திற்குப் பணிந்துவிடுதலே அறம் என்னும் முடிவு எளிதாகத் தோன்றும். அம்முடிவும் பொருந்தாது என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன.

முதலாவது செருமானியரின் எண்வழக்கு. ஒரு கோப்பில் 3.14 என்னும் எண் எழுதப்பட்டுள்ளது. அதனை ஒரு நிரல் படிக்க வேண்டும். நிரல், வீட்டாரின் வழக்கத்திற்குப் பணிந்து, செருமானிய இடவழக்கை ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அவ்வழக்கில் பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி. ஆதலின் சி மொழியின் எண் படிக்கும் ஆணை 3 என்பதனைப் படித்துப் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 3.14 என்பது 3 ஆகிவிடும். எச்சரிக்கை எழாது, நிரலும் நில்லாது, கணக்கு மட்டும் பிழைபடும். மருந்தின் அளவோ, பாலத்தின் நீளமோ அக்கோப்பில் இருந்திருப்பின் விளைவு யாதாகும் என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது துருக்கியரின் எழுத்துவழக்கு. துருக்கியர் 1928இல் அரபு எழுத்தை விடுத்து உரோமானிய எழுத்தை ஏற்றனர். தம் மொழியின் ஒலிகளுக்கேற்ப, ஆங்கிலத்தில் 'ஐ' எனப்படும் எழுத்தை இரண்டாக வகுத்துக்கொண்டனர். ஒன்று புள்ளியுடையது, மற்றது புள்ளியற்றது. புள்ளியுடையதற்குப் பெரிய வடிவிலும் புள்ளி உண்டு; புள்ளியற்றதற்குச் சிறிய வடிவிலும் புள்ளி இல்லை. இதனினும் ஒழுங்கான முறை வேறில்லை. ஆங்கிலத்திலோ பெரிய வடிவில் புள்ளி இல்லை; அதற்கு இணையான சிறிய வடிவில் புள்ளி உண்டு.

வலைத்தளங்கள் பலவற்றை இயக்கும் 'பி.எச்.பி.' என்னும் நிரல்மொழி, நிரலுள் வரும் வகுப்புகளின் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றிவைத்தே தேடும். அம்மாற்றத்தை இடவழக்கின்படி செய்தமையால், துருக்கிய வழக்கை ஏற்ற நிரலில் பெரிய 'ஐ' புள்ளியற்ற சிறிய எழுத்தாக மாறியது. பட்டியலில் இருந்ததோ புள்ளியுடையது. ஆகவே, இருக்கும் வகுப்பை இல்லை என்றது மொழி. 2002இல் சுட்டிக்காட்டப்பட்ட இக்குறை, 2013இல் வெளிவந்த 5.5 பதிப்பிலேதான் நீக்கப்பட்டது.

இப்பதினோராண்டில் துன்புற்றவர் யார் என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் வழக்கம் இன்னதென வெளிப்படையாகச் சொன்னவரே துன்புற்றார். ஒன்றும் சொல்லாது 'சி' வழக்கிலேயே இருந்தவர்க்கு ஒரு தொல்லையும் இல்லை. தன் வழக்கத்தை அறிவித்தவன் தண்டனை பெறுவதும், அறிவியாது அடங்கியவன் அமைதியாக வாழ்வதும் ஓர் ஊரில் நிகழுமாயின், அவ்வூரை நாம் அறமுடைய ஊர் எனச் சொல்வோமா? யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் தீங்கு விளைந்தது. தீய நோக்கம் இன்மை மட்டுமே ஒருவரைக் குற்றமற்றவராக்கிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

அகவழக்கும் புறவழக்கும்

இவ்விரு கேடுகளின் வேர் ஒன்றே. இயந்திரம் தனக்குள் பேசிக்கொள்ளும் பேச்சும், மனிதரோடு பேசும் பேச்சும் இங்கு வேறு பிரிக்கப்படவில்லை. முன்னதனை அகவழக்கு என்றும் பின்னதனைப் புறவழக்கு என்றும் வைத்துக்கொள்வோம். கோப்பில் எழுதி மீண்டும் தானே படிக்கும் எண், நிரலுள் வழங்கும் வகுப்பின் பெயர் ஆகியன அகவழக்கைச் சார்ந்தவை. அவை எந்நாட்டிலும் ஒரே நிலையில் நிற்றல் வேண்டும். திரையில் ஒருவர்க்குக் காட்டும் தொகை, தேதி, பெயர்ப்பட்டியல் ஆகியன புறவழக்கைச் சார்ந்தவை. அவை காண்போரின் வழக்கில் அமைதல் வேண்டும்.

பெர்ல் இவ்வேறுபாட்டைப் பேணும் முறை கருதத்தக்கது. எண்ணின் பின்னக் குறியை அது பெரும்பாலும் புள்ளியிலேயே நிறுத்திவைக்கின்றது. நிரலை எழுதுவோர், "இப்பகுதியில் இடவழக்கைப் பின்பற்றுக" என ஓர் ஆணையால் வெளிப்படையாகக் கேட்கும் இடத்தில் மட்டும் வீட்டாரின் குறியை ஏற்கின்றது. அவ்விடம் கடந்ததும் மீண்டுவிடுகின்றது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசி வளரும் நம் பிள்ளைகள் இடத்திற்கேற்பப் பேச்சை மாற்றிக்கொள்வது போன்றது இது. மாற்றிக்கொள்வதனால் அவர்கள் தம்மை இழப்பதில்லை. மாற்ற வேண்டிய இடத்தை அறிந்திருப்பதே அவர்தம் திறம்.

ஆகவே அறம், 'எங்கும் என் வழக்கம்' என்பதிலும் இல்லை. 'எங்கும் உன் வழக்கம்' என்பதிலும் இல்லை. எது உடன்பட்ட ஒரு நிலையில் நிற்க வேண்டுவது, எது கேட்போர்க்காக மாற வேண்டுவது எனப் பகுத்தறிதலில் உள்ளது. பகுத்தறியாத பணிவு, செருக்கைப் போலவே பிறர்க்குத் தீங்கு செய்யவல்லது.

'சி' வழக்கு பொதுவானதா?

இனி, பின்னர்க் காண்போம் என விடுத்த வினாவிற்கு வருவோம். நாட்டின் பெயரில்லா 'சி' வழக்கு உண்மையிலேயே பொதுவானதா?

அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். பின்னக் குறி புள்ளி. திங்கள்களின் பெயரும் கிழமைகளின் பெயரும் ஆங்கிலம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் இணை ஆங்கில எழுத்து இருபத்தாறுக்கு மட்டும். சொல்வரிசையோ, எழுத்துகளுக்கு இயந்திரம் இட்ட எண்களின் வரிசை. ஆங்கிலம் பேசும் அமெரிக்கர் ஒருவர் தம் வழக்கை எழுதித் தந்திருப்பின் அஃது ஏறக்குறைய இவ்வாறே இருந்திருக்கும். பெயர் நீக்கப்பட்டமையால் வழக்கு நீங்கிவிடவில்லை. அது யாருடையது என்பது மட்டும் மறைந்துவிட்டது.

இம்மறைவு எழுத்திலும் வெளிப்பட்டது. 'பைத்தான்' என்னும் நிரல்மொழியின் மூன்றாம் தலைமுறையின் முற்பதிப்புகள், 'சி' வழக்கில் இயங்க நேர்ந்தால் ஆங்கில எழுத்துகளன்றிப் பிறவற்றை வெளியிட மறுத்தன. 'தமிழ்' என்னும் ஒரு சொல்லை அச்சிடச் சொன்னால், அச்சிடாது பிழையறிவித்து நின்றன. 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பு இதனை மாற்றியது. 'சி' வழக்கைக் கண்டால், 'என்னிடம் ஒன்றும் சொல்லப்படவில்லை போலும்' எனக் கொண்டு, உலக எழுத்துகள் அனைத்தையும் ஏற்கும் யூ.டி.எஃப்.-8 முறைக்கு அது தானே மாறிக்கொள்ளும். ஒன்றும் சொல்லாதவர் ஆங்கிலேயராகத்தான் இருப்பார் என்னும் பழைய கருத்து அங்குக் கைவிடப்பட்டது. வாய்திறவாதவர் யாராகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் வந்தது. சிறிய மாற்றந்தான், ஆயினும் அறநோக்கில் பெரியது.

தமிழாசிரியர்க்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று சொல்வரிசை. தொல்காப்பியம் வகுத்த முப்பது எழுத்து அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும். மெய்யெழுத்துகளுள் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே ஈற்றிலுள்ள வரிசை. ஆகவே அகராதியில் மலர் முன்னும், மழை அடுத்தும், மனம் இறுதியிலும் வரும். 'சி' வழக்கில் இயங்கும் கணினியோ மனம், மலர், மழை என அடுக்கும். வகுப்பில் வளர்மதியும் வனிதாவும் இருப்பின், நம் நெடுங்கணக்கின்படி வளர்மதியே முன்னவள். அக்கணினிக்கோ வனிதா முன்னவள்.

இதற்குக் காரணம் எழுத்துகளுக்கு இடப்பட்ட எண்கள். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கு இடம் வகுத்தபோது, இந்தியாவில் 1988இல் அமைந்த 'இஸ்கி' என்னும் முறையைப் பின்பற்றியது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் நோக்குடையது அம்முறை. அதனால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ழகரம் ளகரத்தின் அருகிலும் அமர்ந்தன. எழுத்தைச் சேமித்து வைக்க இவ்வரிசை போதும், அதில் குற்றமில்லை. சேமிப்பதற்கிட்ட எண்ணையே அகராதி வரிசையெனக் கொள்வதுதான் குற்றம். அகவழக்கு ஒன்று, கேட்பாரின்றிப் புறவழக்காக வெளிவந்துவிட்டது. தமிழ் இடவழக்கை இயந்திரம் அறிந்திருந்து, நிரலும் அதனைக் கேட்டுப் பெறுமாயின் மலர் மீண்டும் மனத்திற்கு முன் வந்துவிடும்.

கண்காணாதவர்க்குச் செய்யும் கடமை

நிரல்மொழியைத் தொகுப்பதில் கடினமான நிலை ஒன்று உண்டு. சிறு கருவிகள் சில, தமக்குரிய மொழியைத் தாமே தொகுத்துக்கொள்ளும் ஆற்றலற்றவை. ஆதலின் பெரிய இயந்திரம் ஒன்றில் தொகுத்து, விளைந்ததைக் கருவியில் கொண்டுவைப்பர். தொகுக்கும் இடம் ஒன்று. வாழும் இடம் வேறு. இங்குக் கன்ஃபிகர் நிரலின் வினாக்கள் இடர்ப்படுகின்றன. சோதனை நிரலை எங்கு ஓட்டுவது? தொகுக்கும் இயந்திரத்தில் ஓட்டினால் அதன் விடை கிடைக்கும். கருவியின் விடை கிடைக்காது.

செய்யத்தக்க வழிகள் இரண்டு. கருவியோடு தொடர்பு ஏற்படுத்தி, சோதனையை அங்கேயே ஓட்டி விடை பெறுதல் ஒன்று. அக்கருவியை நன்கறிந்தார் முன்னரே எழுதிவைத்த குறிப்பை வாங்கிப் பின்பற்றுதல் மற்றொன்று. மூன்றாவது வழியும் உண்டு, அது செய்யத்தகாதது. தன் இயந்திரத்தின் விடையையே கருவியின் விடையாகவும் கொண்டுவிடுவது அது. தையற்காரர் ஒருவர், தொலைவிலுள்ளவர்க்குச் சட்டை தைக்கும்போது தம் உடம்பையே அளந்து தைப்பதற்கு ஒப்பானது இச்செயல். துணி நல்லதாகவும் தையல் உறுதியாகவும் இருக்கலாம். ஆனால் உடுப்பவர்க்கு அது பொருந்தாது. தைத்தவரோ அதனை அறியவும் மாட்டார். ஏனெனில் அவர் உடுத்திப் பார்த்தபோது பொருந்தியிருந்தது.

முன்னிற்பவர்க்கு நாம் செய்யும் தவறு உடனே நமக்குத் தெரிந்துவிடும். அவர் முகம் காட்டிக்கொடுக்கும். கண்காணாதவர்க்குச் செய்யும் தவற்றைக் காட்டுவார் இல்லை. ஆகவே கண்காணாதவர்பால் நமக்குள்ள கடமை முன்னிற்பவர்பால் உள்ளதனினும் மிகுதியாகின்றது. பாடநூல் எழுதுவோரும், தேர்வுத்தாள் அமைப்போரும், சட்டம் வகுப்போரும் கண்காணாதவர்க்குத் தைக்கும் தையற்காரரே அல்லரோ?

கேட்டும் விடை கிடையாதபோது செய்ய வேண்டுவது யாது? பெர்ல் ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டுள்ளது. அமைக்கச் சொன்ன இடவழக்கு அவ்வியந்திரத்தில் இல்லையெனின், அது வாளா 'சி' வழக்கிற்குத் திரும்பிவிடுவதில்லை. இடவழக்கை அமைக்க இயலவில்லை என்றும், 'சி' வழக்கிற்குத் திரும்புவதாகவும் எச்சரிக்கை விடுத்துப் பின்னரே திரும்புகின்றது. நிரலை எழுதுவோர்க்கு அவ்வெச்சரிக்கை எரிச்சலூட்டுவதுண்டு. ஆயினும் அஃது ஒரு நேர்மை. 'உன் வழக்கத்தை நான் அறியேன். ஆகவே என் வழக்கத்தில் நடக்கின்றேன்' எனச் சொல்லி நடப்பவன், சொல்லாது நடப்பவனினும் மேலானவன். குறையை ஒப்புக்கொள்ளுமிடத்தில்தான் அது திருந்துவதற்கு வாயில் திறக்கின்றது.

ஒரு மறுப்பும் விடையும்

உலகிலுள்ள வழக்குகள் அனைத்தையும் ஒரு நிரல்மொழி அறிந்திருத்தல் இயலுமா, யாவர்க்கும் ஒரே வழக்கை விதித்துவிட்டால் இத்தொல்லைகள் இல்லையே எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. அகவழக்கு ஒன்றாக நிற்றல் வேண்டும் என நாமே கூறினோம். ஆயின் ஒருமைக்குள்ளும் இருவகை உண்டு என்பதனை மறத்தலாகாது.

1988இல் அனைத்துலகத் தர அமைப்பு, நாளை எழுதுவதற்கு ஒரு முறையை வகுத்தது. முதலில் ஆண்டு, அடுத்துத் திங்கள், இறுதியில் நாள். ஆங்கிலேயர் நாளை முன் எழுதுவர். அமெரிக்கர் திங்களை முன் எழுதுவர். புதிய முறையோ இருவர் வழக்கும் அன்று. அதனை வகுத்தோர், 'இஃது இயல்பானது' எனச் சொல்லவில்லை. 'இஃது உடன்பாடு' என்றனர். கூடிப் பேசி, பெயரிட்டு, விதியாக எழுதி, அனைவரும் காண வைத்த ஒருமை இது. ஒருவருடைய வழக்கத்தைப் பெயர் நீக்கி எல்லார்க்கும் உரியதாக்கும் ஒருமையோ வேறு. உடன்பாட்டின்மேல் நிற்கும் ஒருமையைக் கேள்வி கேட்கலாம்; திருத்தலாம்; வேண்டின் மாற்றலாம். இயல்பெனத் தோன்றுவதனை யாரும் கேள்வி கேளார். பொதுமை என்பது வழக்கமின்மை அன்று. அறிவித்து உடன்பட்ட வழக்கமே பொதுமை.

நம் கடமை

கேட்பவர்க்குக் கடமை உண்டெனின், கேட்கப்படுபவர்க்கும் கடமை உண்டு. நிரல்மொழி எத்துணை அன்போடு வினவினும், நம் வழக்கை யாரும் எழுதிவைக்கவில்லையெனின் அதற்குக் கிடைப்பது வெறுமையே. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று தமிழ். ஆயினும், 2022 பிப்ரவரியில் வெளிவந்த குனூ நூலகத்தின் 2.35 பதிப்பில் தமிழுக்கிருந்த இடவழக்குகள் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரியன மட்டுமே. சிங்கப்பூரின் பெயரால் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. மலேசியத் தமிழும் இல்லை.

யூனிகோடு கூட்டமைப்பு பேணும் இடவழக்குக் களஞ்சியத்திலோ நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. அங்கு இந்தியத் தமிழர்க்கு 1,25,000; நமக்கு 125,000. சிங்கப்பூர்ப் பதிவில் சிங்கப்பூர் வெள்ளியின் குறி தனித்து நிற்கும். மலேசியப் பதிவில் அதே வெள்ளிக்கு முன் 'எஸ்' என்னும் எழுத்துச் சேரும். ஏனெனில் அங்கு அது வெளிநாட்டு நாணயம். ஒரே மொழி, ஆனால் வீடு வேறு, கணக்கு வேறு. இந்நுட்பங்கள் தாமாக அங்குப் போய்ச் சேர்ந்தன அல்ல. அறிந்தார் எழுதிக் கொடுத்தமையால் சேர்ந்தன. அங்குள்ள சொற்கள் சரியா, நாம் வழங்கும் சொற்கள்தாமா எனச் சரிபார்த்துத் திருத்தம் கூறவும் அக்களஞ்சியத்தில் வாய்ப்பு உண்டு. அத்திருத்தத்தைக் கூறத் தக்கவர் கணினி வல்லார் மட்டும் அல்லர். நெடுங்கணக்கை அறிந்தவரும், நாள் கிழமைகளை இந்நாட்டில் எவ்வாறு எழுதுகின்றோம் என அறிந்தவருமே தக்கவர். அவர் தமிழாசிரியர்.

மாணவர் ஒருவர் கணினியில் சொற்பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தி, மனத்தை மலருக்கு முன் வைத்துக் கொணர்ந்தால், ஆசிரியர் அதனைப் பிழையெனத் திருத்துவதோடு நில்லாது, அது யாருடைய வரிசை என்பதனையும் விளக்குவாராக. இயந்திரம் தவறுவதில்லை என்னும் மயக்கம் அங்கே ஒரு சிறிது நீங்கும். தனக்கென ஒரு வரிசை உண்டு, அதனை எடுத்துச் சொல்லும் உரிமையும் உண்டு என்னும் அறிவு அம்மாணவர் உள்ளத்தில் தோன்றும்.

வாயிலில் நின்று, "இவ்வீட்டின் வழக்கம் யாது?" எனக் கேட்கும் விருந்தினன் நல்லவன். ஆனால் வீட்டார் வாய்மூடி இருப்பின் அவன் என் செய்வான்? தான் அறிந்த வழக்கத்தோடே உள்ளே வருவான். அவனைக் குறைகூறுமுன், அவன் கேட்டபோது நாம் விடை சொன்னோமா என்பதனை எண்ணிப் பார்ப்போமாக.